ரைஸ் குக்கர் பெட்டிக்குள் ஒரு பட்லர்

வாகீசன் நன்றியுரை சொல்ல எழும்பினால் மண்டபத்தில் பாதிப் பேர் சாப்பாட்டு வரிசைக்கு எழும்பிவிடுவார்கள். அவ்வளவு கனமான மனிதர். பழைய மாணவர் சங்கத்துக்கு வருடக்கணக்காகச் செயலாளர்; சங்க மலர் ஒன்றில்கூட அவர் பல் தெரிகிற படம் கிடையாது. இப்பேர்ப்பட்டவர் ஸ்காபரோவில் தன் வீட்டு பேஸ்மென்றில் ஒரு கண்ணாடி அலுமாரி நிறையப் பேய் வளர்த்தார் என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் வளர்த்தார். குளிர் தொடங்கும் முன் கடைகளில் வந்து குவியும் ஹாலோவீன் சாமான்களில் அவருக்கு அப்படியொரு கிறுக்கு. ஆளுயரப் பேய்களை வாங்கி முற்றத்தில் நாட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது, ரசனை கெட்ட சனம் என்பார். அவர் தேடியதெல்லாம் கையடக்கமான கோமாளிப் பேய்கள். சாவி கொடுத்தால் மேசையில் கடகடவென்று நடந்துபோய், விளிம்பில் நின்று யோசிக்கும் பல்செற். தும்முகிற பூசணிக்காய். துடைப்பத்தில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் சூனியக்காரி. சவப்பெட்டியிலிருந்து எழும்பி, மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் நேரமிருக்கிறது என்று மறுபடி படுத்துக்கொள்ளும் எலும்புக்கூடு. அவற்றில் முக்கால்வாசி, கைதட்டினால் உயிர் வருகிற சாதி. வாகீசன் வேலையால் வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கீழே இறங்கி ஒரு தரம் கைதட்டுவார். அலுமாரி முழுக்கத் தும்மும், உருளும், விழிக்கும். அவர் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே இடம் அதுதான்.

மனைவி துர்க்கா இதையெல்லாம் கண்டும் காணாத மாதிரித்தான் இருந்தாள். "வயசு போகப் போக ஆக்கள் சாமிப் படம் சேர்ப்பினம். இவர் சாத்தான்ர படை சேர்க்கிறார்" என்று வருகிறவர்களிடம் சொல்வதோடு விட்டுவிடுவாள். போன வருடம் ஐயர் பூசைக்கு வந்த நாளில்தான் வந்தது வினை. கைகழுவக் கீழே இறங்கிய ஐயர் தொண்டையைச் செருமினார். வாகீசன் ஒதுக்கி வைக்க மறந்துபோன சூனியக்காரி, அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்று கத்தினாள். ஐயர் கையிலிருந்த செம்புத் தண்ணீரை அவள் தலையில் அப்படியே கவிழ்த்துவிட்டு, படியில் ஒன்றுவிட்டு ஒன்று தாவி மேலே வந்தார். துர்க்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனவள்தான், ஐயர் போகும் வரைக்கும் வெளியே வரவில்லை.

வந்ததும் தீர்ப்புச் சொன்னாள். "இருக்கிறது இருந்திட்டுப் போகட்டும். ஆனா இனி ஒண்டு, ஒரே ஒண்டு, புதிசா இந்த வீட்டு வாசற்படி ஏறிச்சுதெண்டா, அலுமாரியோட எல்லாம் பிளாசாவில நிக்கிற பழஞ்சாமான் தானப் பெட்டிக்குள்ள போகும். சொல்லிப்போட்டன்."

வாகீசன் தலையாட்டினார். துர்க்கா சொன்னால் செய்கிறவள். கண்ணாடிக்குள் நின்ற அத்தனை பேரின் உயிரும் இனித் தன் கையில்தான் என்று அவருக்கு விளங்கியது.

குளிர் முழுக்க வாக்கைக் காப்பாற்றினார். வசந்தத்திலும் காப்பாற்றினார். ஓகஸ்டில், யூனியன்வில்லில் யாரோ வீட்டு முற்றத்துச் சாமான் விற்பனையில், பழைய பூச்சாடிகளுக்குப் பின்னால் அந்த பட்லரைக் கண்டார். துரை வீட்டு வேலைக்காரன் மாதிரிக் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஒரு முழ உயர எலும்புக்கூடு. கைதட்டினால், மற்றவர்கள் தொப்பியைத் தூக்குவதுபோலத் தன் தலையையே கழற்றித் தூக்கி வணக்கம் சொல்லும். சொல்லிவிட்டுக் கெக்கே கெக்கே என்று சிரிக்கும். சிரித்து முடிய ஒரு விக்கல். அந்த விக்கல்தான் வாகீசனை விழுத்தியது. இத்தனை மரியாதை தெரிந்த ஒரு பேயை அவர் அதுவரை கண்டதில்லை.

வாங்கியாயிற்று. எங்கே ஒளிப்பது? பேஸ்மென்றைத் துர்க்கா நாளாந்தம் கூட்டுவாள். கராஜில் எலி. அப்போதுதான் அவருக்கு ஒரு புத்தி வந்தது. அதைப் புத்தி என்று சொல்வது எங்கள் பெருந்தன்மை. மேல்மாடியில் ஒரு பரிசு அலுமாரி இருந்தது. எங்கள் சனத்தின் வீடுகளில் இப்படியொன்று இல்லாத வீடு குறைவு. பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் வந்த பெட்டிகள், பிரிக்கப்படாமல், அடுத்த வீட்டுக் கொண்டாட்டத்துக்காகக் காத்திருக்கும் இடம். அங்கே அடியில் கிடந்த ரைஸ் குக்கர் பெட்டியைத் திறந்து, குக்கரை வெளியே எடுத்துத் தன் வேலையிடத்துச் சாப்பாட்டறைக்குக் கொண்டுபோய்விட்டு, பட்லரை உள்ளே படுக்கவைத்து, பழையபடி ஒட்டினார். பற்றரியைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை.

அந்த வீட்டில் பற்றரி என்பதே ஒரு தனிக் கரைச்சல். எவ்வளவு வாங்கி வந்தாலும் காணாது. "பற்றரி முடிஞ்சுது, வரேக்க வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று துர்க்கா மாதம் தவறாமல் போன் எடுப்பாள். ரீவி ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தால் அது எப்போதும் வெறும் கூடாகத்தான் கிடக்கும். ஆனால் தன்னுடைய பேய்கள் மட்டும் மாதக்கணக்காக ஒரே பற்றரியில் ஓடுவதில் வாகீசனுக்கு ஒரே பெருமை. "அந்தக் காலத்துச் சாமான். பற்றரியை நக்கி நக்கித்தான் குடிக்கும்" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

செப்ரெம்பரில், துர்க்காவின் சித்தி மகள் நிரோஷினி ஸ்ரௌவ்வில்லில் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபூரல். கார் ஏறக்குறைய அந்தத் தெருவுக்குள் திரும்பும் நேரம், வாகீசன் பின் இருக்கையில் வெள்ளி இலை போட்ட தாளில் சுற்றியிருந்த பெட்டியைக் கண்ணாடியில் பார்த்தார்.

"என்ன குடுக்கிறம்?"

"அந்த ரைஸ் குக்கர்தான்."

கார் ஒருமுறை குலுங்கி நேராகியது. "எந்த ரைஸ் குக்கர்?"

"எத்தினை ரைஸ் குக்கர் கிடக்கு எங்கட வீட்டில? றோட்டைப் பாத்துக் காரை ஓடுங்கோ."

வாகீசன் றோட்டைப் பார்த்து ஓட்டினார். வேறென்ன செய்வது? உண்மையைச் சொன்னால் அலுமாரி போகும். சொல்லாவிட்டால் பட்லர் போவான். ஒளித்து வைக்க உலகத்தில் இத்தனை இடம் இருக்க, கொடுப்பதற்கென்றே இருக்கும் அலுமாரிக்குள் கொண்டுபோய் வைத்த தன் புத்தியை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

புது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வீடு முழுக்கச் சுற்றிக் காட்டுவது எங்கள் வழக்கம். நிரோஷினியின் கணவன் ஜனார்த்தன் ஆட்களைத் தொகுதி தொகுதியாக அழைத்துக்கொண்டு போனான். பரிசுப் பெட்டிகள் மேலே கடைசி அறையில் குவிந்திருந்தன. வாகீசன் முதல் தொகுதியோடு போனார், அறையில் ஆட்கள். இரண்டாவது தொகுதியோடும் போனார், இன்னும் ஆட்கள். மூன்றாம் தரம் படியேறியபோது ஜனார்த்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வீட்டை இவ்வளவு ரசித்த மனிதரை அவன் அதுவரை கண்டதில்லை.

"அண்ணை, உங்களுக்கு இந்த வோக்-இன் குளோசற்தானே பிடிச்சது? வாங்கோ, லைற்றுப் போட்டுக் காட்டுறன்."

இருவரும் குளோசற்றுக்குள் நெடுநேரம் நின்றார்கள். பெட்டி அடுத்த அறையிலேயே இருந்துவிட்டது.

பிறகு ஒவ்வொரு நாளும் நிரோஷினியின் போனுக்காகக் காத்திருந்தார். பெட்டிக்குள் எலும்புக்கூடு கிடந்தது என்று அவள் அலறிக்கொண்டு எடுப்பாள் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கடைசியில் தாங்க முடியாமல், வேறு ஏதோ கதைப்பதுபோல அவரே போன் எடுத்துக் கேட்டார்.

"அந்த ரைஸ் குக்கர் எப்பிடிப் பிள்ளை, நல்லா வேலை செய்யுதோ?"

"ஐயோ அத்தான், சூப்பர்! சோறு உதிரி உதிரியா வருது. நேற்றும் அதிலதான் போட்டனான்."

எலும்புக்கூடு சோறு போட்டதாகச் சரித்திரம் கிடையாது. ஆகவே பெட்டி திறக்கப்படவில்லை. ஸ்ரௌவ்வில்லிலும் ஒரு பரிசு அலுமாரி திறக்கப்பட்டுவிட்டது என்பது வாகீசனுக்கு வெளிச்சமாகிவிட்டது.

ஒக்ரோபர் நடுவில் டெனிஸ்டன் அண்ணைக்கு அறுபதாம் பிறந்தநாள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் அவருடைய சோபாவில் படுத்து எழும்பியவர்கள். வாகீசனும் அதில் ஒருவர். மனைவி காலமான பிறகு டெனிஸ்டன் அண்ணை அதே கட்டடத்தில் தனியாக இருந்தார். பேச்சுக் குறைந்துவிட்டது, சிரிப்பு அறவே போய்விட்டது. அவருடைய மகள் நிலாணிதான் பிடிவாதமாக மண்டபம் எடுத்து எல்லாரையும் அழைத்திருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் துர்க்கா பரிசு மேசையைப் பார்த்தாள். பார்த்தவள் அங்கேயே நின்றாள்.

"இஞ்சாருங்கோ, உது என்ர பேப்பரெல்லோ?"

வெள்ளி இலை. மூலையில் துர்க்கா ஒட்டிய அதே நாடா. "நிரோவுக்குக் குடுத்த குக்கர். பிரிச்சுக்கூடப் பாக்கேல்லை. பேர் எழுதின காட்டை மட்டும் மாத்திப்போட்டு இஞ்ச கொண்டுவந்து வைச்சிருக்கிறாள். என்ன சனமப்பா இது!" கோபத்தில் அவள் மூக்கு நுனி சிவந்தது. அந்தக் குக்கர் தன் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகப்படுத்துகிற நிலையில் வாகீசனும் இல்லை. அவர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேக் வெட்டினால் பாட்டு. பாட்டென்றால் கைதட்டல்.

பாடினார்கள். தட்டினார்கள். பாட்டு முடிந்து மண்டபம் அடங்கிய நேரம் பரிசு மேசை சிரித்தது. கெக்கே கெக்கே. பிறகு ஒரு விக்கல்.

யாரோ ஒரு சின்னப் பிள்ளை மறுபடி கைதட்டியது. மேசை மறுபடி சிரித்தது. பரிசை விருந்தாளிகள் முன் பிரிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனால் சிரிக்கிற பெட்டிக்கு வழக்கமாவது ஒன்றாவது? நிலாணி அதைத் தூக்கி வந்து தகப்பன் முன்னால் வைத்துத் தாளைக் கிழித்தாள். ரைஸ் குக்கர் படம் போட்ட பெட்டி. மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து பட்லர் தலையைக் கழற்றித் தூக்கி, எல்லாருக்கும் வணக்கம் சொன்னான்.

"ஓ மை கோட், அப்பா! ஆர் இது தந்தது?" நிலாணி வாழ்த்துக் காட்டைப் பார்த்தாள். "ஜனார்த்தன் அங்கிள், நிரோஷினி அன்ரி."

முன்வரிசையில் ஒரு அம்மா நெஞ்சில் கைவைத்தார். "அறுபது வயசுக்காரனுக்கு, அதுவும் மனிசியைப் பறிகுடுத்த மனிசனுக்கு, எலும்புக்கூடே குடுக்கிறது? என்ன மனசு!" அந்தச் சொல் மேசை மேசையாகப் போனது. நிரோஷினியின் முகத்தில் இரத்தமே இல்லை. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று தனக்குத் தெரியாது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அப்படிச் சொன்னால் வந்த பரிசைப் பிரிக்காமல் கைமாற்றியது வெளியே வரும் என்று விளங்கியதும் மூடினாள். ஜனார்த்தன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேசாமல் இருந்தால் அலுமாரி தப்பும். தும்முகிற பூசணிக்காய் தப்பும், மணி பார்க்கிற எலும்புக்கூடு தப்பும். ஆனால் நிரோஷினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க வாகீசனால் முடியவில்லை. எழும்பினார். நன்றியுரை என்று நினைத்துப் பாதி மண்டபம் சாப்பாட்டு வரிசைக்கு எழும்பியது.

"இருங்கோ, இருங்கோ. இது வேற. டெனிஸ்டன் அண்ணை, அதை வாங்கினது நான். நிரோவுக்கு ஒண்டும் தெரியாது, பாவம், பெட்டியைக் காவிக்கொண்டு வந்தது மட்டும்தான் அவ. நான்..." மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். சங்கத் தலைவர் இருந்தார், பொருளாளர் இருந்தார், ஐயரும் இருந்தார். "நான் பேய்ப் பொம்மை சேர்க்கிறனான். ஒரு அலுமாரி நிறைய வைச்சிருக்கிறன். இவனை எனக்கு நல்லாப் பிடிக்கும். பிடிச்ச ஆளுக்குத்தானே பிடிச்ச சாமானைக் குடுக்கிறது."

டெனிஸ்டன் அண்ணை பட்லரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல இரண்டு கைகளையும் தூக்கி ஒரு தரம் தட்டினார். பட்லர் தலையைத் தூக்கினான், சிரித்தான், விக்கினான். டெனிஸ்டன் அண்ணையின் தோள் குலுங்கியது. இன்னொரு தரம் தட்டினார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் நிலாணி அழுதேவிட்டாள். அதன் பிறகு கேக் வரிசை, சாப்பாட்டு வரிசை எதற்கும் அவர் வரவில்லை, தட்டிக்கொண்டே இருந்தார்.

வாகீசன் கைகொடுக்கப் போனபோது டெனிஸ்டன் அண்ணை அவரைக் கிட்ட இழுத்துக் காதுக்குள் சொன்னார். "தம்பி, உந்தக் குக்கர் பெட்டியை எனக்குத் தெரியும். உங்கட இருபத்தஞ்சாம் கல்யாண நாளுக்கு நான் தந்தது. நானும் ஒரு நாளும் திறந்து பாத்ததில்லை."

ஆக, அந்தப் பெட்டி செய்யப்பட்ட நாளிலிருந்து அதை முதன்முதல் திறந்த மனிதர் வாகீசன்தான்.

வீட்டு வாசலில் கார் நின்றதும், இறங்குமுன், துர்க்கா முன்னால் பார்த்தபடி சொன்னாள். "நாளைக்கு அட்டைப் பெட்டி எடுத்து வைக்கிறன். அடுக்குங்கோ."

"ஓம்" என்றார் வாகீசன். வாக்கு வாக்குத்தான்.

மறுநாள் ஞாயிறு. கீழே அலுமாரிக்கு முன்னால் பலகைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்தார். அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஐம்பத்தைந்து வயதில் பூசணிக்காய்க்காக அழுதால் யாரிடம் சொல்வது? பற்றரி உள்ளே கிடந்து கசிந்தால் எடுத்துப்போகிற பிள்ளைகளுக்குக் கூடாது என்று, பூசணிக்காயைக் கவிழ்த்து அடிமூடியைத் திறந்தார்.

உள்ளே இருந்தது பச்சை வரி போட்ட பற்றரி. புத்தம் புதுசு. அவர் இரண்டு கிழமைக்கு முன், துர்க்கா போன் எடுத்ததால், ரிமோட்டுக்கென்று வாங்கி வந்த வகை. சூனியக்காரியைத் திறந்தார். பச்சை வரி. மணி பார்க்கிறவன், கண் உருட்டுகிற ஆந்தை, எல்லாவற்றிலும் பச்சை வரி. இந்த அலுமாரிக்கு அவர் பற்றரி மாற்றி வருடம் ஒன்றுக்கு மேலே ஆகிறது. பகல் முழுக்க அவர் வேலையில். பகல் முழுக்க வீட்டில் இருப்பது யார்?

வாகீசன் எல்லாவற்றையும் பழையபடி மூடித் தட்டில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பலமாக, நாலைந்து தரம் கைதட்டினார். அலுமாரி எழும்பி ஆடியது.

"சும்மா சும்மா தட்டாதேங்கோ!" மேலேயிருந்து, குசினிக்குள்ளிருந்து, துர்க்காவின் குரல் பாய்ந்து வந்தது. "எல்லாத்துக்கும் இப்பத்தான் மாத்தினனான், இறங்கிப்போகப் போகுது!"

சொல்லி முடித்ததும் மேலே ஒரு கரண்டி விழுந்தது. வெகுநேரம் கழித்துப் படியில் காலடி கேட்டது. துர்க்கா கடைசிப் படியில் வந்து உட்கார்ந்தாள். முகத்தை அவருக்குக் காட்டவில்லை.

"அண்டைக்கு ஐயர் படியில தாவினாரெல்லோ" என்றாள். "எனக்குச் சிரிப்பு அடக்கேலாமப் போச்சு. ஆர் கண்டாலும் என்ன நினைப்பினம்? அதுதான் குசினிக்க ஓடினனான். வெளியில வரேக்க ஏதாவது சொல்லோணுமெண்டு வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். பிறகு எப்பிடி மாத்துறது?"

"ரிமோட்டில பற்றரி இல்லாததுக்கு..."

"உந்தப் பூசணிக்காய் மூண்டு தின்னும்."

வாகீசன் அட்டைப் பெட்டியைக் காலால் ஒதுக்கினார். வாக்கு என்னாவது என்று கேட்டார். புதுசாக வந்தவன்தான் இப்போது வீட்டில் இல்லையே, அப்படியானால் வாக்கு எங்கே தவறியது என்றாள் துர்க்கா. சங்கத்து யாப்பு விதிகளை மனப்பாடமாக வைத்திருந்த செயலாளருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

கொஞ்சம் பொறுத்து அவளே சொன்னாள். "அந்தத் தலை கழட்டுறவனை நான் வடிவாப் பாக்கவே இல்லை. எல்லாரும் முன்னுக்கு நிண்டு மறைச்சுப்போட்டினம். டெனிஸ்டன் அண்ணை வீட்டை ஒருக்காப் போயிட்டு வருவமே?"

"வெறுங்கையோடயே போறது?"

"ஏன், மேல அலுமாரியில ஒரு மிக்ஸிப் பெட்டி கிடக்குத்தானே."

இருவரும் மேலே ஏறினார்கள். துர்க்கா பெட்டியை எடுத்துச் சுற்றுத் தாளைத் தேடினாள். வாகீசன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறும், துர்க்கா. முதல்ல உந்தப் பெட்டியைத் திறந்து பாப்பம்."